கரண்ட், லிஃப்ட், பியூபி பில்: வாடகை புளோக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பங்கள் இருக்கும் அரசாங்க வாடகை புளோக்குகளுக்கு மளிகைப் பை கொண்டுபோகும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. பையைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று பேசும்போது வருகிற கேள்விகள் பெரும்பாலும் கரண்டைச் சுற்றித்தான் இருக்கின்றன. பியூபி பில் (கரண்ட், தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்ந்த பில்) ஏன் ஏறுகிறது, லிஃப்ட் நின்றால் என்ன செய்வது, மீட்டர் அணைந்தால் யாரிடம் போவது என்று ஒரே சந்தேகம் வீட்டுக்கு வீடு வேறு வேறு வார்த்தையில் வரும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

"சிங்கப்பூர்லதான் கரண்டே போறதில்லையே, இதுக்கு எதுக்கு இவ்ளோ விளக்கம்?"

ஊர் முழுக்கப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். ஒரு வாடிக்கையாளருக்கு ஏற்படும் மின்தடை, ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இங்கே மின்கம்பிகள் ஏறக்குறைய எல்லாமே மண்ணுக்கடியில் போகின்றன, அதனால் காற்றும் மழையும் மரம் விழுவதும் அவற்றைத் தொடுவதில்லை. உலகத்தில் இப்படிப்பட்ட நகரங்கள் மிகக் குறைவு, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அந்தச் சராசரி, கம்பியிலும் துணைமின் நிலையத்திலும் வரும் தடையை மட்டும்தான் எண்ணுகிறது. முன்கூட்டியே போட்ட டாப்-அப் பணம் தீர்ந்து மீட்டர் அணைந்த வீடும், பில்லுக்குப் பயந்து ராத்திரி விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கிறவரும் அதில் வரமாட்டார்கள். நான் போகும் புளோக்குகளில் இருட்டு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

"நம்ம வீட்டுக்கு கரண்ட் எங்கேர்ந்துதான் வருது?"

ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து. அந்த எரிவாயு எதுவும் நம் மண்ணில் கிடைப்பதில்லை. ஒரு பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய் வழியாக வருகிறது. இன்னொரு பகுதியைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவருகிறார்கள், அதை இறக்குவதற்கென்றே ஜூரோங் தீவில் 2013ல் ஒரு முனையம் திறந்தார்கள். செனோக்கோ, துவாஸ், ஜூரோங் தீவு நிலையங்களில் அதை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

அங்கிருந்து நிலத்தடிக் கம்பி, பேட்டைக்குப் பக்கத்துத் துணைமின் நிலையம், உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சுவிட்ச் அறை, கடைசியாக உங்கள் வாசலுக்கு மேலே இருக்கும் டிபி பெட்டி, அதாவது வீட்டு மின்சுவிட்சுகள் இருக்கும் பெட்டி. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் பழுது என்பதைப் பொறுத்துத்தான் யாரைக் கூப்பிடுவது என்பது இருக்கிறது.

"எங்கேயோ கடலுக்குள்ள கேஸ் நின்னா எங்க வீட்டு லைட் ஏன் அணையணும்?"

2004 ஜூன் 29ல் நடந்தது அதேதான். இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து வரும் எரிவாயு தடைப்பட்டது, மின்நிலையங்கள் நின்றன, ஏறக்குறைய 300,000 வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. ஒரே மூலத்தையும் ஒரே வழியையும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். எரிவாயு நின்றால் டீசலுக்கு மாறிக்கொள்ள நிலையங்கள் கையிருப்பு வைத்திருப்பதும், பிறகு வந்த கப்பல் முனையமும் இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

2018 செப்டம்பர் 18ல் நடந்தது கொஞ்சம் வேறு. விடியற்காலை 1.18 மணிக்கு இரண்டு மின்னுற்பத்தி இயந்திரங்கள் நின்றுவிட்டன. உற்பத்தி திடீரென்று குறைந்தால் கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும், அது மேலும் இறங்கினால் மற்ற இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்று தீவு முழுக்க இருட்டாகிவிடும். அதைத் தடுக்க, சில வட்டாரங்களின் இணைப்பைத் தானியங்கிக் கருவிகள் துண்டித்துவிடும். அன்று பிடோக், ஜூரோங், பாசிர் பாஞ்சாங் உட்பட 19 வட்டாரங்களில் 146,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போய், 38 நிமிடத்தில் திரும்ப வந்தது.

"சரி, 38 நிமிஷம் எல்லாருக்கும் 38 நிமிஷம்தானே? இதுல பணக்காரன் ஏழைன்னு என்ன இருக்கு?"

கருவி ஆள் பார்த்து நிறுத்துவதில்லை, அது உண்மை. வித்தியாசம் வீட்டுக்குள் இருக்கிறது. நடுராத்திரி தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அந்த 38 நிமிடம் தெரிந்தே இருக்காது. ஆக்சிஜன் இயந்திரத்தில் மூச்சுவிடுகிறவருக்கும், ராத்திரி வேலை முடிந்து சக்கர நாற்காலிக் கணவரோடு கீழ்த்தளத்தில் நிற்கிறவருக்கும் அது வேறு 38 நிமிடம். பணம் இருந்தால் மாற்று வழி இருக்கும். டாக்சி பிடித்து மகன் வீட்டுக்குப் போகலாம், குளிர்சாதனப் பெட்டியில் கெட்டுப்போனதை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஓரறை வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அந்த மீன் துண்டு ஒரு வாரத்துக்கானது.

நம் ஊர்ப்பக்கத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, உள்கிராமங்களில் பல வாரம் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுத்தார், மற்றவர்கள் குடத்தோடு நின்றார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 2021 பிப்ரவரிக் குளிரில் மின்கட்டமைப்பு திணறியபோது அந்த மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் குளிருக்காக வீட்டுக்குள் நெருப்பு மூட்டி, அந்தப் புகையின் நச்சுவாயுவில் போனவர்கள். ஒரே தடைதான், யாரிடம் என்ன இருந்தது என்பதைப் பொறுத்து அது அசௌகரியமாகவோ சாவாகவோ ஆனது.

"கரண்ட் போயிடுச்சு. முதல்ல யாருக்கு போன் அடிக்கணும்?"

போன் எடுப்பதற்கு முன் கதவைத் திறந்து நடைபாதை விளக்கைப் பாருங்கள், பக்கத்து வீட்டையும் பாருங்கள். எல்லாம் எரிந்து உங்கள் வீடு மட்டும் இருட்டென்றால் ஒன்று டிபி பெட்டியில் சுவிட்ச் விழுந்திருக்கும், அல்லது மீட்டரில் பணம் தீர்ந்திருக்கும். புளோக்கே இருட்டென்றால், பக்கத்து புளோக்குகளும் இருட்டென்றால், மின்விநியோகம் செய்யும் எஸ்பி குழுமத்தின் 24 மணிநேர எண் 1800-778-8888. நடைபாதை விளக்கும் லிஃப்டும் மட்டும் போயிருந்தால் அது நகர மன்றத்தின் வேலை, அவர்களுடைய அவசரப் பராமரிப்புப் பிரிவின் எண் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

அந்த எண்களை இன்றைக்கே ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள். இருட்டில் யாரும் அறிவிப்புப் பலகையைத் தேடிக்கொண்டு போகமுடியாது.

"எங்க வீட்ல அடிக்கடி ட்ரிப் ஆகுது. திரும்பத் தூக்கிவிட்டா போதுமா?"

ஒருமுறை விழுந்தால் தூக்கிவிடலாம். திரும்பத் திரும்ப விழுந்தால், எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத் தூக்கி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான் கோளாறு, பெரும்பாலும் பழைய சோற்றுப்பானை, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், அல்லது ஹீட்டர். உடம்பில் மின்சாரம் பாயாமல் காப்பாற்றுவதற்காகத்தான் டிபி பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் விழுகிறது, அதை டேப் போட்டு ஒட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் அது இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பழைய வீட்டில் இல்லாதது போலத் தெரிந்தால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா மூச்சு முட்டிடுமா? எனக்கு அதான் பயம்."

முட்டாது. லிஃப்ட் பெட்டி காற்றுப் புகாத பெட்டி கிடையாது. மின்தடை வந்தால் பேட்டரியில் விளக்கும் விசிறியும் அழைப்பு மணியும் கொஞ்ச நேரம் ஓடும்படி ஏற்பாடு இருக்கிறது. பல லிஃப்டுகளில் ஏஆர்டி என்ற கருவியும் இருக்கிறது, கரண்ட் போனால் அது பக்கத்து மாடிக்கு லிஃப்டைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். பழைய லிஃப்டுகளில் இப்படிப்பட்ட பாதுகாப்பு அம்சங்களைச் சேர்ப்பதற்காக 2016ல் 450 மில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்று அறிவித்தார்கள். உங்கள் புளோக் லிஃப்டில் அது இருக்கிறதா என்று நகர மன்றத்தில் கேட்டால் சொல்வார்கள். மாட்டிக்கொண்டால் மஞ்சள் பொத்தானை அழுத்தித் தரையில் உட்காருங்கள், கதவைப் பிளக்க முயலவேண்டாம்.

என் கவலை லிஃப்டுக்குள் இருப்பவரைவிட மேல்மாடியில் இருப்பவரைப் பற்றித்தான். 12வது மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் போகவேண்டும். லிஃப்ட் பழுதுபார்க்க ஒரு நாள் நிறுத்தினால் அவருக்கு அது சிகிச்சை தவறுகிற நாள். பராமரிப்புக்கு நிறுத்தப்போகும் தேதியை முன்கூட்டியே ஒட்டுவார்கள், ஆனால் வீட்டை விட்டு இறங்காதவர் அந்தத் தாளை எங்கே பார்ப்பார்? அதைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவசரமென்றால் ஆம்புலன்ஸுக்கு 995.

"கரண்ட் போனா தண்ணியும் போயிடுமா? சமையல்?"

உயரமான புளோக்குகளில் மேல்மாடிக்காரர்களுக்குத் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிறது, அங்கே ஏற்றுவதற்கு மோட்டார் ஓடவேண்டும். தொட்டியில் இருப்பது தீரும்வரை வரும். சின்னத் தடைக்குப் பயமில்லை, நீண்டால் ஒரு வாளி பிடித்துவையுங்கள். குழாய் கேஸும் சிலிண்டரும் கரண்டை நம்பியில்லை, லைட்டரில் பற்றவைத்தால் எரியும். மின்அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்குச் சூடான எதுவும் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய நான்கு மணிநேரம் உள்ளே இருப்பது தாங்கும்.

"அம்மாவுக்கு ஆக்சிஜன் மிஷின் நாள் முழுக்க ஓடுது. பில்லைப் பார்த்தா பயமா இருக்கு, ராத்திரி கொஞ்ச நேரம் நிறுத்தலாமா?"

டாக்டரைக் கேட்காமல் ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வீட்டில் அந்த அம்மா பகலில் "இப்போ பரவாயில்லை" என்று மூக்குக் குழாயைக் கழற்றிப் பிளக்கையும் உருவி வைத்திருந்தார். உதடு வெளிறியிருந்தது, வாக்கியத்துக்கு நடுவே நின்று நின்று பேசினார். மகனுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்பதுதான் அவர் கணக்கு.

உண்மைக் கணக்கைப் போடுவோம். 350 வாட் இயந்திரம் 24 மணிநேரம் ஓடினால் நாளைக்கு 8.4 யூனிட், மாதம் 252 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 75 வெள்ளி, அதுவும் அந்த ஒரு இயந்திரத்துக்கு மட்டும். ஓரறை வீடு மாதம் முழுக்க எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதைவிட இது அதிகம். யூ-சேவ் தள்ளுபடி (கீழே சொல்கிறேன்) வீட்டின் அளவைப் பார்த்து வருகிறது, வீட்டுக்குள் எந்த இயந்திரம் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. அதனால் மருத்துவமனைச் சமூக ஊழியரிடம் "இயந்திரத்துக்கான கரண்ட் செலவு" என்று தனியாகச் சொல்லுங்கள், டாக்டர் கடிதத்தோடு சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள். பொதுவாக "பில் அதிகம்" என்று சொல்வதும், "உயிர்காக்கும் இயந்திரத்துக்கு மாதம் இவ்வளவு" என்று சொல்வதும் ஒரே மாதிரி கேட்காது.

மின்தடைக்கு: இயந்திரம் தரும் நிறுவனத்திடம் மாற்றுச் சிலிண்டர் ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள், அது எத்தனை மணிநேரம் வரும் என்று எழுதி அதன்மேலேயே ஒட்டுங்கள். கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாறிவிட்டு 995க்கு எப்போது அடிக்கவேண்டும் என்பதையும் டாக்டரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் ஏசியே போடறதில்லை. அப்புறம் ஏன் பியூபி பில் ஏறுது?"

விலையே ஏறினால் பயன்பாடு ஏறாமலே பில் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் மாறுகிறது, அதில் பெரிய பங்கு எரிவாயு விலை. அந்த விலையோ உலக எண்ணெய் விலையோடு கட்டப்பட்டது. பொருள் சேவை வரி சேர்க்காமல் 2020 ஜூலை முதல் செப்டம்பர் வரை யூனிட் 19.60 காசு. இரண்டு ஆண்டு கழித்து அதே காலாண்டில் 30.17 காசு. உக்ரேனில் போர் மூண்டதற்கு ரெட்ஹில்லில் ஒற்றை விசிறி போட்டவரும் விலை கொடுத்தார்.

2021 கடைசியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. மொத்த விலை எகிறியதில் ஐஸ்விட்ச் உட்படச் சில சில்லறை மின்விற்பனை நிறுவனங்கள் கடையை மூடின, அவர்களுடைய வாடிக்கையாளர்கள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டார்கள். கரண்ட் நிற்கவில்லை, ஆனால் மலிவான ஒப்பந்தம் போய்விட்டது. வாசலில் வந்து மின்சாரத் திட்டம் விற்பவரிடம் உடனே கையெழுத்துப் போடாதீர்கள், பாதியில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு மகனையோ மகளையோ கலந்து பேசுங்கள். அப்புறம், நீங்கள் பியூபி பில் என்று சொல்வதில் தண்ணீர், கேஸ், குப்பைக் கட்டணம் எல்லாம் ஒன்றாக இருக்கும். எது ஏறியது என்று வரி வரியாகப் பார்த்துவிட்டுக் கரண்டைத் திட்டலாம், சொட்டுகிற கழிப்பறைத் தொட்டிதான் காரணமாக இருந்ததைப் பல வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"சூடு தாங்கல. ஏசி வாங்கிடட்டுமா?"

2023 மே 13ல் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983ன் உச்சத்துக்குச் சமம். ஒரே சன்னலுள்ள வீட்டில் அந்தச் சூடு ராத்திரியும் இறங்காது. வயதானவர்களுக்கும் இதயநோயாளிகளுக்கும் இது விளையாட்டில்லை, அதனால் ஏசி ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். 50 வாட் விசிறி மாதம் முழுக்க இரவுபகலாக ஓடினாலும் 36 யூனிட்தான், ஏறக்குறைய 11 வெள்ளி. விசிறியை நிறுத்தி மிச்சம் பிடிக்காதீர்கள், பெரிய செலவு அங்கே இல்லை. உங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பாருங்கள். ரப்பர் பிய்ந்து கதவு சரியாக மூடாமல் இருந்தால் காசு அங்கேதான் போகிறது. வீவக வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளிப் பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுக்கத் தொடங்கினார்கள், மின்சாரம் குறைவாக எடுக்கும் பெட்டி வாங்க அதைப் பயன்படுத்தலாம். இணையத்தில் எடுக்கவேண்டும் என்பதால் பல முதியவர்களிடம் அது அப்படியே கிடக்கிறது. சமூக மன்றத்தில் உதவிசெய்வார்கள்.

"யூ-சேவ் எல்லாருக்கும் வருதாம், எனக்கு மட்டும் வரலை."

யூ-சேவ் என்பது வீவக வீடுகளின் பில்லில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் கழிக்கப்படும் தள்ளுபடி. சின்ன வீட்டுக்கு அதிகம்: ஓரறை, ஈரறை வீட்டுக்கு வழக்கமான தொகை ஆண்டுக்கு 380 வெள்ளி, 2025 நிதியாண்டில் அதை 760 ஆக்கினார்கள். விண்ணப்பிக்கத் தேவையில்லை, கையில் காசாகவும் வராது. பில்லில் ஒரு வரியாகத்தான் இருக்கும், அதனால் வந்ததே தெரியாமல் போய்விடும். மிஞ்சினால் அடுத்த பில்லுக்குப் போகும்.

வீட்டில் ஒருவராவது குடிமகனாக இருக்கவேண்டும், ஒன்றுக்கு மேல் சொத்து இருந்தால் கிடைக்காது. இன்னொன்று, கணக்கு இறந்துபோன கணவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை மாற்றிக்கொண்டால் பிற்பாடு உதவி கேட்கும்போது அலைச்சல் குறையும்.

"ரூம் வாடகைக்கு இருக்கேன். ஓனர் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் ஏசிங்கறார், பியூபிக்கு மேல காசும் கேக்கறார்."

உங்கள் பெயரில் கணக்கு இல்லை, அதனால் தள்ளுபடியும் உங்களுக்கு நேராக வராது, எஸ்பி குழுமமும் உங்களிடம் பேசாது. கரண்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஓனர் நிற்கிறார், நல்லவராக இருந்தால் உங்கள் நல்ல நேரம். குடிபோகும்போதே வாடகையில் எவ்வளவு வரை கரண்ட் சேரும், மேலே போனால் எப்படிப் பங்கு பிரிப்பது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். கூடுதலாகக் கேட்டால் பில்லின் படத்தைக் கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சம் வேண்டாம்.

"ரெண்டு மாசமா பில் கட்டலை. திடீர்னு வந்து கட் பண்ணிடுவாங்களா?"

திடீரென்று கிடையாது, முதலில் நினைவூட்டலும் நோட்டீசும் வரும். அந்தக் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் போடுவதுதான் பெரிய ஆபத்து. எஸ்பி குழுமத்துக்கு அடித்துத் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். உணவு, வாடகை, பில் எல்லாமே இடிக்கிறதென்றால் அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000, அல்லது நேராகச் சமூகச் சேவை அலுவலகம். தமிழில் பேசவேண்டும் என்று சொல்லலாம். நோட்டீஸ் வந்தபிறகு போவதைவிட முதல் மாதம் தவறியவுடனே போவது நல்லது.

"டாப்-அப் மீட்டர் போடறேங்கறாங்க. அது நல்லதா கெட்டதா?"

பாக்கி சேர்ந்த வீடுகளுக்குப் போடுவார்கள். முன்கூட்டியே பணம் போட்டு, போட்ட அளவுக்கு எரிக்கலாம். போடுகிற காசில் ஒரு பகுதி பழைய பாக்கிக்குப் போகும். நல்லது என்னவென்றால் கடன் மேலும் ஏறாது, இணைப்பை முழுசாகத் துண்டிக்காமல் வைத்திருக்கலாம், எவ்வளவு எரிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். மாதச் சம்பளம் இல்லாமல் நாள்கூலி வாங்குகிற குடும்பங்கள் இதையே விரும்புவதையும் பார்த்திருக்கிறேன்.

கெட்டது, அது அணைகிற விதம். துண்டிப்பு என்றால் நோட்டீஸ் உண்டு, போனில் பேச ஒரு ஆள் உண்டு. டாப்-அப் தீர்ந்தால் அந்த வீடு யாருக்கும் தெரியாமல் இருட்டாகிவிடும். அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளைகள் நடைபாதை விளக்கில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் "உள்ளே சூடா இருக்கு" என்பார்கள். முதல் பதிலில் சொன்ன அந்த ஒரு நிமிடச் சராசரியில் இந்த மாலைநேரம் சேராது. எத்தனை வீடு, மாதம் எத்தனை மணிநேரம் இப்படி அணைகிறது என்பதையும் மின்தடையாகவே எண்ணவேண்டும் என்பது என் திடமான கருத்து.

மீட்டர் போட ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு டாப்-அப்பிலும் பாக்கிக்கு எவ்வளவு போகும், அதைக் குறைக்க முடியுமா? வீட்டில் மருத்துவ இயந்திரம் இருந்தால் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும்.

"அக்கா, நான் டார்ம்ல இருக்கேன். அங்க கரண்ட் போனா யாருகிட்ட சொல்றது?"

தங்குவிடுதி நடத்துநரின் பொறுப்பு. அறையில் இருக்கும் எண்ணுக்கு அடியுங்கள், நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். கவனிக்கவில்லை என்றால் வெளிநாட்டு ஊழியர்களைக் கவனிக்கும் மனிதவள அமைச்சின் ஏஸ் பிரிவு அதிகாரிகள் விடுதிக்கு வருவார்கள், அவர்களிடம் சொல்லலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணிநேர எண் 6536 2692. பன்னிரண்டு பேர் அறையில் விசிறி நின்றால் தூக்கம் போகும், மறுநாள் சாரத்தில் நிற்கிறவருக்குத் தூக்கம்தான் பாதுகாப்பு. சின்ன விஷயம் என்று விடாதீர்கள். ஒரே சாக்கெட்டில் பத்து சார்ஜர் சொருகுவதும் வேண்டாம்.

"எங்க புளோக் மேலதான் சோலார் இருக்கே. கரண்ட் போனா அது ஏன் குடுக்கலை?"

நல்ல கேள்வி, பலரும் இதில் ஏமாந்துபோகிறார்கள். அந்தத் தகடுகள் பகலில் லிஃப்ட், நடைபாதை விளக்கு, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு உதவுகின்றன, மிஞ்சியது கட்டமைப்புக்குப் போகிறது. கட்டமைப்பில் கரண்ட் நின்றால் இவையும் தானாகவே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். கம்பி செத்துவிட்டது என்று நினைத்துப் பழுதுபார்ப்பவர் கைவைக்கும்போது மேலேயிருந்து மின்சாரம் வந்தால் அவர் உயிர் போய்விடும். பேட்டரியும் தனிச் சுவிட்சும் இருந்தால்தான் தடை நேரத்தில் புளோக்குக்குக் கொடுக்கமுடியும். ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணிநேரப் பேட்டரி 2023 தொடக்கத்திலிருந்து இருக்கிறது, ஆனால் அது ஊர்க் கட்டமைப்பைத் தாங்கிப்பிடிக்க. முதியவர்கள் நிறைந்த வாடகை புளோக்குகளில் ஒரு லிஃப்டையும் கீழ்த்தளத்து அறை ஒன்றையுமாவது ஓட்டும் அளவுக்கு ஒரு சின்னப் பேட்டரி வைக்கவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"வெளிநாட்டுலேர்ந்து கரண்ட் வாங்கறாங்களாமே, அவன் நிறுத்திட்டா?"

எரிவாயுவும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 2022ல் லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வாங்கத் தொடங்கி 2024ல் அதை 200 ஆக்கினார்கள். பல பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருவது, 2004ல் இருந்த மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைவிட மேல். விலை குறையுமா என்றால், உடனே எதிர்பார்க்காதீர்கள்.

"இதையெல்லாம் யாருகிட்ட சொன்னா நடக்கும்?"

லிஃப்டும் புளோக் பேட்டரியும் நகர மன்றம். பில்லும் மீட்டரும் எஸ்பி குழுமம், பிறகு சமூகச் சேவை அலுவலகம். தனியாக இருக்கும் முதியவருக்குத் துணை வேண்டுமென்றால் அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையம். எதுவும் நகரவில்லை என்றால் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு, அங்கே கடிதம் எழுதிக்கொடுப்பார்கள். உங்கள் மாடியில் யார் வீட்டில் மருத்துவ இயந்திரம் ஓடுகிறது, யாரால் படியிறங்க முடியாது என்பதை அவர்கள் சம்மதத்தோடு வசிப்போர் குழுவிடம் சொல்லிவையுங்கள்.

எங்கே போனாலும் அடையாள அட்டை, கடைசி இரண்டு பில், இயந்திரம் இருந்தால் டாக்டர் கடிதம், டாப்-அப் மீட்டர் என்றால் அணைந்த நாளும் நேரமும் குறித்த தாள், இவற்றை எடுத்துப் போங்கள். அந்தத் தாளை ஒரு மாதம் எழுதினாலே போதும், காலண்டரில் குறித்துவைத்தாலும் சரி.